கோணல் கழுத்துப் படமும் பெரிய கிராணியாரும்

அந்த யோசனை என் தலைக்குள் ஏறியபோது நான் துரை பங்களாவின் பின்வராந்தாவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். மற்றக் காலில் அட்டை. ரெம்பியா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் மழைக்காலத்தில் ஒரு மனிதனுக்கு எந்த ஞானம் வருவதானாலும் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் வர வேண்டும். வேறு நேரம் கிடைக்காது.

அப்போது நான் அந்தத் தோட்டத்தின் சின்னக் கிராணி, ஆபீசில் இரண்டாம் குமாஸ்தா. மலாக்கா டவுனில் பாதிரிமார் பள்ளியில் சீனியர் பரீட்சை வரை படித்தவன். (தேறினேனா என்று தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.) காலையில் ஆள் எண்ணும் பெரட்டு முடிந்து, வேலைக்கு வந்த ஆள்கணக்கைத் துரையிடம் சொல்லப் போயிருந்தேன். கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் அந்தப் படம் தொங்கியது.

படத்தில் இருந்தவன் மனிதன்தான். அல்லது மனிதனாக ஆரம்பித்து, பாதியில் மனம் மாறிய ஏதோ ஒன்று. கழுத்து ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் முறுக்கிக்கொண்டு வலத்தோளில் சாய்ந்திருந்தது. கைகள் முழங்காலுக்குக் கீழே போய், விரல்கள் மரவேர்போல் பிரிந்திருந்தன. வாய் திறந்த கிணறு. உடம்பு முழுக்கக் கறுப்புக் கீறல்கள். அட்டையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னை மறந்து குடித்துக்கொண்டிருந்தது.

துரை வந்துவிட்டார். அவர் தமிழ் கற்றது பெரட்டுக் களத்தில். அதனால் அன்பாகப் பேசினாலும் ஏவலாகவே வரும். "படம் பாக்குறியா? எடு. போ," என்றார். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். ஐரோப்பாவிலிருந்து யாரோ அத்தை கல்யாணப் பரிசாக அனுப்பியதாம். சுவரில் ஈரம் கசிந்த இடத்தை மறைக்க மாட்டினாராம். அதற்கு எதிரே உட்கார்ந்து துரைசானிக்கு சூப் இறங்கவில்லையாம். கொஞ்ச நாள் வைத்திருந்து திருப்பிக் கொடு, அவசரமில்லை என்றார். அவர் குரலிலிருந்த நிம்மதியைக் கவனித்திருந்தால் நான் அதை அங்கேயே விட்டு வந்திருப்பேன்.

ஆனால் எனக்குத்தான் யோசனை ஏறிவிட்டதே. இந்தப் படத்துக்கு விளக்கம் சொல்லி ஒரு பிரசங்கம் செய்யவேண்டும். தோட்டத்து ஜனங்களுக்குக் கலை என்றால் என்னவென்று காட்டவேண்டும். பங்களாவில் கழித்துப்போட்ட ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் இப்படிப்பட்ட படங்களை எப்படிச் செய்கிறார்கள் என்று படித்திருந்தேன். (முதல் பாதியை. மறுபாதியில் மீன் சுற்றி வந்திருந்தது.)

கலைச்சேவை என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே வேறு கணக்கு இருந்தது. பெரிய கிராணி அருணாசலம் ஐயாவுக்குப் பாக்கியம் என்று ஒரு மகள். செங் என்ற ஊரில் இருந்த என் தாய்மாமன் எனக்காகப் போய்ப் பெண் கேட்டிருந்தார். "பையன் துறுதுறுன்னு இருக்கான். கொஞ்சம் பாக்குறேன்," என்று சொல்லியனுப்பிய கிராணியார், மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்கிடையில் தம்பின் ஊரிலிருந்து ஒரு ரயில்வே மாப்பிள்ளை முளைத்தான். பிரசங்கம் நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ரயிலை அறிவால் முந்துவது என்று நான் முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடக் கொட்டகை நிறைந்தது. படத்தைக் கரும்பலகையில் மாட்டி, மேலே ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தேன். முன்வரிசையில் பெரிய கிராணியார், முறுக்கு மீசையோடு, கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு. அவருக்குச் சில நாளாகக் கழுத்துப் பிடிப்பு. தலை இடப்பக்கமே சாய்ந்து நின்றது. எதைச் சொன்னாலும் சந்தேகப்படுகிறவர்போல் இருந்தார். பக்கத்தில் தோட்டத்து மருந்துக்கார டிரஸ்ஸர் சவரிமுத்து, அவருக்குப் பக்கத்தில் கங்காணி வேலாயுதம். தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர் மாரியம்மன் கோயில் பூசாரி. பின்னால் பெண்கள். அவர்களில் பாக்கியம்.

வேட்டியை உருவினேன். யாரோ ஒரு குழந்தை அழுதது. அதை வெளியே கொண்டுபோனார்கள்.

"இது ஒரு தனி மனிதனல்ல," என்று ஆரம்பித்தேன். "இது இந்த யுகத்தின் ஓலம். உள்ளத்தின் கோணல் உடலில் தெரிகிறது. நம் ஒவ்வொருவருக்குள்ளும் இவன் இருக்கிறான்." எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்று எனக்குத் தெரியாது. பேசியது என்ன என்றும் தெரியாது. சபையோர் தங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லலாம் என்று பெருந்தன்மையாக அழைத்தேன்.

டிரஸ்ஸர் எழுந்து படத்தை அருகில் வந்து பார்த்தார். "வயித்துல பூச்சி," என்றார். "வெளக்கெண்ணெய் குடுத்தா நின்னுடும்."

கங்காணி எழவே இல்லை. "காலையில பெரட்டுக்கு வாடான்னா இப்படித்தான் நிப்பானுங்க. எல்லாம் பொய்லா."

பின்னாலிருந்து ஒரு பெண், நிற்க முடியாதவனை இத்தனை நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார்களே, உட்கார்த்தி ஒரு வாய் கஞ்சி கொடுக்கக்கூடாதா என்றாள். அதற்கு இன்னொருத்தி, கள்ளுக்கடை மூடிய நாளில் தன் புருஷன் இப்படித்தான் இருந்தான், கஞ்சியெல்லாம் கேட்கமாட்டான் என்றாள். கொட்டகை சிரித்தது. பெரிய கிராணியார் சிரிக்கவில்லை. (கழுத்து விடவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்று எனக்கு அது மதிப்பெண் குறைவதாகப் பட்டது.) யுகத்தின் ஓலம் இவர்களுக்கு எட்டவில்லை. சரி, செய்முறையையாவது சொல்லி அசத்துவோம் என்று அதற்குத் தாவினேன். நான் கெட்டது அங்கேதான்.

"முதலில் ஒரு செப்புத் தகடு எடுத்துக்கொள்கிறார்கள்," என்றேன்.

சிரிப்பு அடங்கியது.

"அதில் மெழுகு பூசிப் புகை காட்டிக் கறுப்பாக்குகிறார்கள். பிறகு ஊசியால் மனித உருவம் கீறுகிறார்கள்."

கொட்டகையில் இருமல்கூட இல்லை. ஆகா, அறிவுத் தாகம் என்று நினைத்தேன். தூணடியில் பூசாரி கண்விழித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தகட்டுல பேரு எழுதுவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஓவியன் தன் கையெழுத்தைப் போடுவதைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "கட்டாயம். அடியில் எழுதுவார்கள்," என்றேன்.

"ஊசிய எந்த எடத்துல அழுத்துவாங்க?"

எவ்வளவு நுட்பமான கேள்வி. உற்சாகம் தாங்கவில்லை. "எந்த இடத்தில் வேதனை வேண்டுமோ, அந்த இடத்தில்."

"அந்தத் தகடு இப்ப எங்க?"

"எங்கேயாவது பத்திரமாக இருக்கும். ஒரு தடவை செய்துவிட்டால் போதும். வேண்டும்போதெல்லாம் எடுத்து மை தடவினால் மறுபடி வேலை செய்யும்."

கங்காணி குனிந்து பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். தலைகள் ஒவ்வொன்றாகப் படத்தின் கழுத்தைப் பார்த்துவிட்டு, முன்வரிசைக் கம்பளியைப் பார்த்தன. கிராணியாரின் முகம் வெளுத்தது. அவரைத் தேற்ற நினைத்த யாரோ ஒரு நல்ல மனிதர், "அது இல்ல ஐயா. படத்துல கழுத்து சோத்துக்கைப் பக்கம் சாஞ்சிருக்கு. உங்களுக்குப் பீச்சாங்கைப் பக்கம்," என்றார். கிராணியார் மூச்சுவிட்டார். கொட்டகையே மூச்சுவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் தப்பான தகவல் ஒன்று காதில் விழுந்து, அதைத் திருத்தாமல் விட்ட நாள் என் வாழ்க்கையில் கிடையாது.

"அங்கேதான் ஒரு விசேஷம்," என்றேன். "தாளில் பதியும்போது இடம் வலமாகிவிடும். படத்தில் வலப்பக்கம் என்றால் தகட்டில் இடப்பக்கம்."

பெரிய கிராணியார் எழுந்தார். கம்பளியைப் பிடித்துக்கொண்டு, தலையை ஒரு பானையைச் சுமப்பதுபோல் சுமந்துகொண்டு வெளியே போனார். அவர் பின்னால் பூசாரி. அவர் பின்னால் சபை. கைதட்டல் இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

டிரஸ்ஸர் மட்டும் இருந்து விஷயத்தை உடைத்தார். "தம்பி, நீ படத்தப் பத்திப் பேசலை லா. செய்வினை வைக்கிறது எப்படின்னு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் குடுத்த. செப்புத் தகடு, ஆள் உருவம், ஊசி, மை. எதையாவது விட்டியா? புதைக்கிறத மட்டும்தான் விட்ட."

யுகத்தின் ஓலம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

மறுநாளிலிருந்து கிராணியார் வீட்டைச் சுற்றிக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். வாழையடி, குளியலறை ஓரம், வாசற்படிக் கீழே. தகட்டைத் தேடினார்கள். ஒரு பழைய மண்வெட்டியும் யாருடையதென்று தெரியாத ஒரு செருப்பும் கிடைத்தன. வைத்தது துரையாக இருக்குமோ என்ற பேச்சு வந்தது. துரைக்கு ஒருவனைப் பிடிக்காவிட்டால் 'போ' என்றால் போதும், அவர் ஏன் செம்பை வீணாக்குகிறார் என்று கங்காணி அதைத் தள்ளிவிட்டார். கிராணியார் ஆபீசில் என்னை நேரே பார்க்கவில்லை. அந்தக் கழுத்தோடு அவர் யாரையும் நேரே பார்க்க முடியாதுதான். ஆனால் என்னைப் பார்க்காதது வேறு மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ரயில் வருகிறது. அதற்குள் இந்த மூடநம்பிக்கையை உடைத்தாக வேண்டும். எப்படி? ரப்பர் பாலைத் தகடாக்கும் ஸ்டோரைத் தாண்டி நடந்தபோது விடை கிடைத்தது. உறைந்த ரப்பர் பாலை உருளைகளுக்கு நடுவே கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் தகடுபோல் தட்டையாக வெளியே வருகிறதே, படம் அச்சடிக்கும் யந்திரமும் சஞ்சிகையில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. நானே ஒரு படம் செய்து, எல்லார் முன்னாலும் உருளையில் விட்டு எடுத்துக் காட்டினால்? இது வெறும் கைத்தொழில் என்று குழந்தைக்கும் புரியும். முதலில் தனியாக ஒரு ஒத்திகை.

புதன்கிழமை மத்தியானம் வேலை முடிந்து ஸ்டோர் காலியானதும் உள்ளே போனேன். ஓட்டையாகிப்போன என் செப்புச் செம்பை வெட்டித் தட்டி நிமிர்த்தியிருந்தேன். செம்பைத் துலக்க எலுமிச்சம்பழம் அறுத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றி மெழுகு சொட்டவிட்டு, புகை காட்டினேன். சட்டை அழுக்காகாமலிருக்கக் கழற்றி வைத்தேன். விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மை செய்தேன். வியர்வையைத் துடைத்ததில் அது நெற்றியிலும் கன்னத்திலும் ஏறியது எனக்குத் தெரியாது.

ஊசியால் உருவம் கீறினேன். நான் நினைத்தது நிமிர்ந்து நிற்கும் ஒரு நல்ல மனிதனை. ஆனால் எனக்குப் படம் வரையத் தெரியாது என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கழுத்து தானாகச் சாய்ந்தது. நிமிர்த்தப் போனேன், இன்னும் சாய்ந்தது. ஊசி ஒருமுறை வழுக்கி மூக்குக் கீழே இரண்டு பக்கமும் இழுத்துவிட்டதில் நல்ல முறுக்கு மீசை ஒன்று அமைந்தது. ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டை ஊற்றினேன். செம்பை அது ஒன்றும் செய்யவில்லை. என் கண்ணையும் மூக்கையும் மட்டும் கவனித்துக்கொண்டது. கண்ணீர் ஒழுக ஊசியாலேயே இன்னும் ஆழமாகக் கீறி, மை தடவி, ஈரத்தாள் வைத்து உருளைக்குள் தள்ளிக் கைப்பிடியைச் சுற்றினேன்.

படம் வந்தது. கோடுகோடாக, பிசிறாக, ஆனால் வந்தே விட்டது. அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. தாளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். வாசலில் பூசாரி, கங்காணி, நடுவில் பெரிய கிராணியார். தோண்ட இடமில்லாமல், ஸ்டோருக்கு அடியில் பார்க்க மண்வெட்டியோடு வந்திருந்தார்கள்.

"ஐயா, பாருங்க. வந்திடுச்சு," என்று தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் பார்த்தார். முதலில் மீசையை. பிறகு கழுத்தை. பிறகு மெழுகுவர்த்தியை, ஊசியை, அறுத்த எலுமிச்சம்பழத்தை, வெற்றுடம்பில் கரி பூசிக் கண் சிவந்து நின்ற என்னை. அவருடைய கை தானாகத் தன் மீசைக்குப் போனது.

"தம்பி," என்றார். கோபமே இல்லை. "நான் உனக்கு என்னப்பா குறை வெச்சேன்?"

விளக்க முயன்றேன். எலுமிச்சம்பழம் செம்பைத் துலக்க என்றேன். பூசாரி, "தெரியும் தம்பி," என்று மரியாதையாகத் தலையாட்டினார். சட்டையை ஏன் கழற்றினேன் என்று சொன்னேன். அதையும் அவர் ஒப்புக்கொண்டார். நான் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் அதைவிடப் பொருத்தமான காரணம் இருந்தது. கங்காணி மட்டும் பின்னோக்கியே நடந்து வெளியே போனார். எனக்கு முதுகைக் காட்ட அவர் விரும்பவில்லை.

வேலை போயிற்று, பாக்கியம் போயிற்று என்று பெட்டியைக் கட்டினேன். வியாழக்கிழமை சாயங்காலம் என் குவாட்டர்ஸ் வாசலில் செருப்புச் சத்தம். பெரிய கிராணியார். உள்ளே வரவில்லை.

"தம்பி, உங்க மாமாவ வரச் சொல்லுங்க," என்றார். நேற்றுவரை நான் 'வா'. இப்போது 'வாங்க'. "தம்பின்காரங்கள வரவேண்டாம்னு கங்காணிய அனுப்பிட்டேன். நல்ல நாள் பாத்திடலாம்."

அவர் போனதும் டிரஸ்ஸரிடம் ஓடினேன். ஊருக்கே தெரிந்திருந்த காரணம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. வைத்தவனை எதிர்த்து எடுக்கிற சக்தி தன்னிடம் இல்லை என்று பூசாரி கைவிரித்திருக்கிறார். பையன் படித்தவன், புஸ்தகத்து முறை, இங்கிலீஷ் மந்திரம். ஒரே வழிதான் என்று பூசாரி கிராணியாரிடம் சொன்னாராம். "பொண்ணு எடுத்த வீட்டு மேல செய்வினை செல்லாது. வெச்சவனையே திருப்பி அடிக்கும். மருமகனாக்கிப்புடுங்க ஐயா. அப்புறம் அவன் தகட்ட அவனே எடுத்துருவான்."

பகுத்தறிவைப் பரப்பப் புறப்பட்டவன் மந்திரவாதியாக மாலை போட்டுக்கொள்வதா? கூடாது. உண்மையைச் சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து போவேன். வழியெல்லாம் அதற்கான பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே கிராணியார் வீட்டுக்குப் போனேன். (நல்ல பேச்சு. பிரசங்கத்தைவிட நன்றாக வந்தது. யாரும் கேட்கவில்லை.)

அவர் உள்ளே இருந்தார். வாசலில் குழிகளுக்கு நடுவே பாக்கியம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் நாங்கள் பேசியதே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது உங்களுக்கு நெசமாவே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது. அதைத்தான் உங்க அப்பாகிட்ட சொல்ல வந்தேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த ரயில்வேக்காரரு மட்டும் ஏற்கனவே ஒரு தடவ அப்பாவப் பாக்க வந்துட்டுப் போயிட்டாரு. உக்காந்திருந்த நேரம் பூரா வண்டி எப்ப வரும் எப்ப போகும்னே பேசினாரு. நீங்க வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தீங்கன்னா தை மாசம் கல்யாணம். சொல்றதுன்னா உள்ள போங்க."

நான் படிப்படியாக யோசிக்கிறவன். ஆனால் அன்று படி எல்லாவற்றையும் ஒரே தாவலில் இறங்கிவிட்டேன். உள்ளே போனேன். "கழுத்து எப்படியிருக்கு ஐயா?" என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வியிலேயே கழுத்து கொஞ்சம் நிமிர்ந்ததாகக் கிராணியார் இன்றும் சொல்கிறார். நிமிர்த்தியது தன் தைலம் என்கிறார் டிரஸ்ஸர். தன் யோசனை என்கிறார் பூசாரி. நான் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத் தை மாசம் கல்யாணமாகியது.

படத்தைத் துரையிடம் திருப்பிக் கொடுத்தேன். அதற்குள் கதை பங்களாவுக்குப் போயிருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு, லண்டனில் இருக்கும் கம்பெனிப் பெரியவர்களுக்கு இப்படி ஒன்று செய்ய முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

என் மாமனார் நல்ல மனிதர். மாப்பிள்ளைகளிலேயே என்னைப்போல் மரியாதை பெற்றவன் மலாக்கா ஸ்டேட்டில் இருக்க முடியாது. ஆட்டுக்கறி சமைத்தால் ஈரல் எனக்கு. பித்தான் தைக்க நான் ஊசியைக் கையில் எடுத்தால், "என்ன மாப்ள வேணும் உங்களுக்கு, சொல்லுங்க," என்று எழுந்து நிற்கிறார். இதை வைத்துக்கொண்டு பாக்கியம் அடிக்கும் கூத்து தனி. அவளுக்குப் பொழுதுபோகாத நாளில் அவர் பார்க்கிற மாதிரி ஒரு செப்புச் செம்பை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு சாமான் வாங்கித் தராமல் போகமாட்டார். உறவுக்காரர்கள் வந்தால் ஸ்டோர் வாசல் காட்சியை அவளே என் மாதிரி நடித்துக் காட்டுகிறாள், கன்னத்தில் கரி உட்பட. அவள் அங்கே இருக்கவே இல்லை. ஆனால் என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

நான் சோர்ந்துவிடவில்லை. மலாக்கா டவுனில் டிரஸ்ஸருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் அசல் மனித எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. தேகாரோக்கியம் பற்றிய பிரசங்கத்துக்கு இரவல் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, அதே கொட்டகை. மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று பாக்கியத்திடம் சொன்னேன். கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"எங்க அப்பாவ மொதல்ல தஞ்சோங் கிளிங்குல சின்னம்மா வீட்டுக்கு அனுப்பி வெச்சிடுறேன்," என்றாள். "அவரு பஸ் ஏறினப்புறம் அந்த எலும்புக்கூட்டு விருந்தாளிய கூட்டிட்டு வாங்க."